அஞ்சலில் சென்ற மனிதர்

கி.பி. 1900-ஆம் ஆண்டில் ஒருநாள் இங்கிலாந்து நாட்டு அஞ்சல் நிலையம் ஒன்றனுள் இளைஞர் ஒருவர் நுழைந்தார். அவர் கையில் கடிதமும் இல்லை, பொட்டலமும் இல்லை. அவர் அஞ்சலில் அனுப்ப விரும்பிய பொருள் தாமேயாவார். அஞ்சல் துறையார் வெளியிட்டிருந்த விதிகளுள், ஓர் ஆளை ஏவலன் ஒருவன் உடன் அழைத்துச் சென்று குறித்த முகவரியிற் சேர்ப்பிக்கலாம் என்னும் விதியும் ஒன்று. பலர் அதனைப் படித்ததே இல்லை. படித்தவரும் அதனைப் பொருட்படுத்தியிலர். அவ்விளைஞரோ அதனை எழுத்தெண்ணிப் படித்திருந்தார். உரிய கட்டணத்தைச் செலுத்தினார், ஏவலனுடன் புறப்பட்டார், தம் இல்லத்து வாயிலில் முறைப்படி ஒப்படைக்கப்பட்டார். அவர்தாம் வில்லி ரெஜினால்டு பிரே என்பவர்.

அவர் இலண்டன் மாநகரின் தென்கிழக்குப் புறநகராகிய பாரஸ்ட் ஹில் என்னும் இடத்தில் 1879-ஆம் ஆண்டிற் பிறந்தவர். செல்வச் செருக்குடைய பெருங்குடியினரும் அல்லர். வறுமையால் வாடியவரும் அல்லர். உழைத்து உண்ணும் நடுத்தரக் குடும்பத்தவர். வளர்ந்தபின் கணக்கர் தொழிலை மேற்கொண்டார். பகலெல்லாம் வரவையும் செலவையும் நேர்ப்படுத்தி எழுதுவது அத்தொழில். அதில் வியப்புக்கு இடம் சிறிதும் இல்லை. ஆயினும் இளமையிலேயே அவரிடம் ஒரு வேட்கை குடிகொண்டிருந்தது. எதனையேனும் திரட்டித் தொகுத்து வைக்க வேண்டும் என்பதே அது. அஞ்சல் தலைகளைச் சேர்த்தார். புகைவண்டிப் பயணச் சீட்டுகளைச் சேர்த்தார். இத்தகைய வேட்கை சிறுவர் பலருக்கு உண்டு. வயது ஏற ஏற மறைந்துபோவதும் உண்டு. பிரேயிடத்து அது மறையவில்லை, உருமாறிற்று. பிறர் சேர்த்து வைத்த பொருளை விலைகொடுத்து வாங்குவதைவிடப் பிறர் எவரிடமும் இல்லாத பொருளைத் தாமே உண்டாக்குவதில் அவர் உள்ளம் சென்றது.

அவர் விளையாட்டின் சுவையை நாம் உணர வேண்டுமாயின், அந்நாளைய இங்கிலாந்தின் அஞ்சல் முறையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 1840-ஆம் ஆண்டிற்கு முன்னர் அந்நாட்டிற் கடிதத்திற்குரிய கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்து வந்தனர். தொலைவு மிக மிகக் கூலியும் மிகுந்தது. தாளின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் அது கூடிற்று. ஏழைமக்கள் தம் மக்களிடமிருந்து வந்த கடிதத்தைக் கண்ணாற் கண்டும் கையில் வாங்க இயலாது திருப்பியனுப்பிய துன்பமும் நேர்ந்தது. ரோலந்து ஹில் என்னும் பெரியார் இதனை மாற்ற முனைந்தார். நாட்டின் எம்மூலைக்குச் சென்றாலும், அரை அவுன்சு எடைக்குட்பட்ட கடிதத்திற்கு ஒரு பென்னியே கூலி. அதனை அனுப்புபவரே முன்னதாகச் செலுத்துதல் வேண்டும். செலுத்தியதற்கு அடையாளமாக ஒரு சிறு தாளைக் கடிதத்தின்மீது ஒட்டுதல் வேண்டும் என்னும் திட்டம் அவரால் 1840-இல் நிறைவேறிற்று. அச்சிறு தாளே உலகின் முதல் அஞ்சல் தலை. அரையணாக் கூலி போன்ற குறைந்த செலவில் எளியவரும் எழுதலாயினர்.

அதன்பின் வளர்ச்சி விரைந்து வந்தது. 1870-இல் அரைப் பென்னி விலையுள்ள அஞ்சல் அட்டை தோன்றிற்று. 1883-இற் பொட்டலங்களை ஏற்கும் முறை வந்தது. 1897-இல், விக்டோரியா பேரரசியாரின் அறுபதாம் ஆட்சியாண்டு விழாவினையொட்டி, நாட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் அஞ்சல் கொண்டு சேர்க்கப்படும் என்று அரசினர் உறுதி கூறினர். இலண்டனின் நடுப்பகுதியில் ஒரே நாளிற் பத்து முறைக்கும் மேலாக அஞ்சற்காரர் வீடுதோறும் வந்து சென்றனர். காலையில் எழுதிய கடிதத்திற்கு மாலைக்குள் மறுமொழி வந்துவிடும். முகவரி சரியாக எழுதப்படாத கடிதங்களைப் பார்ப்பதற்கென்றே இலண்டன் தலைமை அஞ்சல் நிலையத்தில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. குருடர் பிரிவு என்று அதற்கு வேடிக்கையாகப் பெயர். அங்கிருந்தோர் கண்ணொளி மிக்கவர். ஏனையோர்க்குக் குருடாகிப்போன எழுத்துகளையும் படித்தறியும் வன்மையுடையவர். பிழை மலிந்த கடிதத்தையும் உரியவரிடம் சேர்ப்பித்தலே அவர்தம் தொழிற்பெருமை.

இத்தகைய நாளில், 1898-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதினராகிய பிரே ஆறு பென்னி கொடுத்து ஒரு நூலை வாங்கினார். அஞ்சல் துறையார் மூன்று திங்களுக்கு ஒருமுறை வெளியிட்டு வந்த வழிகாட்டி நூல் அது. கூலி விவரமும், எடை அளவும், அயல்நாட்டுக் கப்பல்கள் புறப்படும் நாளும், அனுப்பக் கூடியவை கூடாதவை பற்றிய விதிகளும் அதில் நிறைந்திருந்தன. கதை நூலைப் படிப்பார் போல அதனைப் படித்தவர் அந்நாட்டில் அவர் ஒருவரே எனலாம். அனுப்பக்கூடிய உயிர்களுள் மிகச் சிறியது தேனீ என்றும் மிகப் பெரியது யானை என்றும் அவர் அதனுள்ளே கண்டனர் என்பர். அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. விதி எதனைத் தடுக்கின்றதோ அதனைச் செய்தலாகாது. விதி தடுக்காத ஒன்றனைச் செய்தால் அதனை அஞ்சல் துறையார் எவ்வாறு மறுக்க இயலும்? விதி நூல் எழுதுவோர் மக்கள் இவ்வாறெல்லாம் செய்வர் என எதிர்பார்த்தாரல்லர். அந்த எதிர்பாராமையே பிரேக்கு விளையாட்டுக்களமாயிற்று.

அவர் அனுப்பிய பொருள்களை எண்ணுங்கால் நமக்கு நகை தோன்றும். தலையில் அணியும் வட்டத் தொப்பி, வாணலி, மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு, உடையின் தூசு தட்டும் பிரஷ், வீட்டிற் போடும் செருப்பு, பணப்பை, சட்டையின் கழுத்துப்பட்டை, ஒரு பென்னி நாணயம் என அவை பலவாயின. இவற்றை அவர் தாளிற் சுற்றவில்லை, பெட்டியில் இடவில்லை, நூலாற் கட்டவும் இல்லை. அனுப்பும் பொருளே உறையும் ஆயிற்று. அதன் மேலே முகவரியும் அஞ்சல் தலையும் வெளிப்படையாகத் தோன்றின. உலர்ந்த கடற்பாசியிலும் அவர் முகவரி எழுதினார். பின்னல் நூலாலாகிய உறை ஒன்றனையும் அனுப்பினார்.

அவற்றுள் இரண்டனைத் தனியே எடுத்துக் கூறல் தகும். ஒன்று டர்னிப் என்னும் கிழங்கு. வெண்மையும் உறுதியும் உடைய அதன் தோலிலே முகவரியைக் கத்தியாற் செதுக்கினார், தலையையும் ஒட்டினார், அஞ்சலிற் சேர்த்தார். கிழங்கு வாடுமுன் வந்து சேர்ந்தது. மற்றொன்று முயலின் மண்டையோடு. அதன் மூக்கெலும்பு நீண்டு ஒடுங்கியது. அந்த ஒடுக்கத்திலே முகவரியை எழுதி, மண்டையின் பின்புறத்தே தலைகளை ஒட்டினார். முகவரியைப் படிப்பவர், ஏட்டுச்சுவடியின் நறுக்கைப் பிடிப்பதுபோல, மண்டையோட்டினைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்திருத்தல் வேண்டும். அஃதும் சேர வேண்டிய இடத்திற் சேர்ந்தது. நம் தமிழ்ப் புலவர்கள் கிளியையும் முகிலையும் நெஞ்சையும் தூதுவிட்டதோடு அமையாது, புகையிலையையும் பணத்தையும் தூதுவிட்டுப் பாடினர். அவர்கள் பாட்டில் விடுத்த தூதினை இவர் உண்மையிலேயே விடுத்தார். பாட்டிற் சென்ற தூது திரும்பி வந்ததா என்று எவரும் கேட்பதில்லை. பிரேயின் தூதுக்கோ அஞ்சல் நிலையத்து முத்திரை சான்றாயிற்று.

பொருளில் விளையாடியது போலவே முகவரியிலும் அவர் விளையாடினார். கண்ணாடியிற் காண்பார்க்கே விளங்கும் வண்ணம் எழுத்துகளைத் தலைமாற்றி எழுதினார். முகவரியைப் பாட்டாகப் பாடி எழுதினார். ஊரின் பெயரை எழுதாமல் அவ்வூர்க் காட்சியின் படத்தை வெட்டி ஒட்டினார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளிற் கடலிலிருந்து தூண்போல் நிமிர்ந்து நிற்கும் பாறை ஒன்றுண்டு. ஹோய் தீவுக் கிழவன் என்பது அதன் பெயர். உயரம் ஏறத்தாழ 137 மீட்டர். அதன் படத்தை அட்டையில் அமைத்து, இப்பாறைக்கு மிக அண்மையில் வாழ்பவர் எவரோ அவருக்கு என்று முகவரி எழுதினார். கலிபோர்னியாவில் சாந்தா குரூசு என்னும் ஊருக்கும் சான் ஓசே என்னும் ஊருக்கும் இடையே உள்ள சாலையில், உலகிலேயே மிக வியப்பான விடுதியை நடத்துபவர்க்கு என ஓர் அட்டை விடுத்தார். அவ்விடுதி யாது, நடத்துபவர் யார் என்பதெல்லாம் அவர் அட்டையில் இல்லை. கண்டுபிடிக்க வேண்டியது அஞ்சற்காரர் பொறுப்பு. கிறித்துமசுத் தாத்தாவுக்கும் அவர் கடிதம் எழுதினார். இலண்டனில் வாழ்பவர் ஒருவர்க்கு என்று மட்டும் எழுதிய அட்டையும் உண்டு. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரத்திலே அந்த ஒருவர் யார்? முகவரி போதாது என்ற குறிப்புடன் அது அவரிடமே மீண்டு வந்தது.

மீண்டு வந்தால் அவர் வருந்தினாரல்லர். உரியவரைக் காண முடியாத கடிதம் அனுப்பியவரிடமே திரும்புதல் வேண்டும் என்பது விதி. 1874-இல் நாடுகள் பல கூடி அமைத்த அஞ்சல் ஒன்றியத்தால் நாடு விட்டு நாடு செல்லும் கடிதத்திற்கும் பொது முறை ஏற்பட்டிருந்தது. ஆதலின், போய் வந்த அட்டையில் ஊர் ஊராகக் குத்திய முத்திரைகளும், கண்டிலேம் என்று அலுவலர் எழுதிய குறிப்புகளும், அவர்தம் கையொப்பங்களும் நிறைந்திருக்கும். வெறும் அட்டையாகச் சென்றது ஒரு பயணக் கதையாகத் திரும்பும். அதில் ஒரு பாதியைப் பிரே எழுதினார். மறுபாதியைத் தாம் எழுதுகின்றோம் என்பதை அறியாமலே அஞ்சல் நிலையத்தார் எழுதினர். இதனைக் கலை என்று பெயரிட்டழைக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. அவரும் அவ்வாறு பெயரிட்டாரல்லர்; அஞ்சல் விந்தைகள் என்றே குறித்தார்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இவ்விளையாட்டு முறையானதா? அஞ்சற்காரர் பெரிய ஊதியம் பெற்றவர் அல்லர். விடியுமுன் எழுந்து, மழையிலும் பனியிலும் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து, தோளிற் பையைச் சுமந்தவர். அவர் பைக்குள்ளே வாணலியும் கிழங்கும் புகுந்தால் அச்சுமை யாருடையது? தண்ணிழலில் அமர்ந்து முகவரியைத் தலைகீழாக எழுதும் இளைஞருக்கு அது பொழுதுபோக்கு. விளக்கடியில் நின்று அதனைப் படிக்க முயலும் அலுவலர்க்கு அது வேலை. பிரேயும் இவ்வினாவை உணர்ந்தேயிருந்தார். 1904-ஆம் ஆண்டில் ராயல் மேகசின் என்னும் இதழில் தம் அஞ்சல் விந்தைகளைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதினார். அதன்கண், அலுவலர்களை வீணே வருத்துவது தம் கருத்தன்று என்றும், அஞ்சல் துறையார் கவனமற்றவர் என்று பிறர் பழி கூறும்போது அப்பழியை மறுத்துரைக்கத் தக்க சான்று தமக்கு வேண்டும் என்றும் விளக்கம் தந்தார். அவர்தம் அறிவுக் கூர்மையைச் சோதிப்பதும், இயலுமேல் அவர்கள் அயர்ந்திருக்கும்போது பிடிப்பதும் தம் நோக்கம் என அவர் ஒப்புக்கொண்டதும் உண்டு. இவ்விரண்டனுள் பின்னதே முந்தித் தோன்றிய எண்ணம் என்று கொள்ளலே பொருந்தும். முன்னது, செய்துவிட்ட செயலுக்குப் பின்னர்த் தேடிய காரணமாக இருத்தல் கூடும்.

ஆயினும் அவ்விளக்கம் முழுதும் பொய்யன்று. அவர் ஒட்டாத தலை ஒன்றில்லை. செலுத்தாத கூலி ஒன்றில்லை. ஏமாற்றி அனுப்புதல் அவர் வழியன்று. சோதிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் வென்றனர். செதுக்கிய கிழங்கினைக் குப்பையில் எறிந்துவிட்டு, அவ்வாறு ஒன்று வரவேயில்லை எனக் கூறியிருப்பின் அவர்களைக் கேட்பார் யார்? எறியாமல் எடுத்து வந்து வாயிலிற் கொடுத்தனர். பிரேயின் தொகுப்பிலுள்ள ஒவ்வொரு பொருளும், பெயர் தெரியாத யாரோ ஓர் அலுவலர் தம் கடமையை ஒழுங்காகச் செய்ததற்கு எஞ்சி நிற்கும் சான்றாகும். நகையாட எழுந்தவர் தம்மை அறியாமலே பாராட்டுப் பத்திரம் திரட்டினார்.

இனி, உயிருள்ளவற்றை அவர் அனுப்பிய வரலாற்றைக் காண்போம். 1900-ஆம் ஆண்டில் தாம் வளர்த்த ஐரிஷ் டெரியர் இனத்து நாயை அஞ்சலில் விடுத்தார். பாப் என்பது அதன் பெயர். விரைவு அஞ்சல் என்னும் பிரிவில் இதற்கு வழி இருந்தது. அப்பிரிவில், அஞ்சற்காரர் சுற்றிவரும் வேளைக்காகக் காத்திராமல், தனி ஏவலன் ஒருவன் பொருளை நேரே எடுத்துச் செல்வான். கல் ஒன்றுக்கு மூன்று பென்னி கூலி. நாயைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு ஏவலன் நடக்க, பாப் தன் வீடு சேர்ந்தது. அது தன் வீட்டு வழியை முன்னரே அறிந்திருந்தமையால், யார் யாரை அழைத்துச் சென்றனர் என்பது ஐயத்துக்குரியது!

அதன்பின் அவர் தம்மையே அனுப்பியதைத் தொடக்கத்திற் கண்டோம். பனிமூட்டம் மிகுந்த இரவில் நண்பர் வீட்டிற்கு வழி தெரியாமல் தவிப்பவர்க்கு இம்முறை பயன்படும் என்று அவர் கூறினார். அந்நாளைய இலண்டனில், நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து, நீட்டிய கை தெரியாத இருள் சூழும் நாள்கள் பல. ஆதலின் அவர் கூற்று வெறும் நகைமொழி அன்று. அதனோடும் அவர் அமையவில்லை. 1903-இல், பதிவு அஞ்சல் முறையிலே தம்மை அனுப்பிக்கொண்டார். பதிவு அஞ்சலாயின், பொருளை ஒப்படைத்ததற்குப் பெறுபவர் கையொப்பம் இடுதல் வேண்டும். மகனைப் பெற்றுக்கொண்டமைக்குத் தந்தையார் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்நிகழ்ச்சியைக் காட்டும் ஒளிப்படம் இன்றும் உளது. இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தம் வீட்டில் வளர்த்த பிள்ளையை அரசாங்கத்தின் ஆள் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கப் பெற்றுக்கொண்ட தந்தை உலகில் அவர் ஒருவரே ஆவார் போலும்.

விளையாட்டுக்கு உதவிய இந்த விதி சில ஆண்டுகளில் வேறொரு செயலுக்கும் உதவிற்று. இங்கிலாந்தில் அந்நாளிற் பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை இல்லை. அவ்வுரிமைக்காகப் போராடிய மகளிரைத் தலைமை அமைச்சர் ஆஸ்குவித் நேரிற் காண மறுத்து வந்தார். 1909-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், எல்சுபெத் மெக்ளிலண்டு, டெய்சி சாலமன் என்னும் மகளிர் இருவர் இலண்டன் ஸ்டிராண்டுப் பகுதி அஞ்சல் நிலையத்துக்குச் சென்றனர். மூன்று பென்னி செலுத்தித் தம்மை விரைவு அஞ்சலில் டவுனிங் தெரு பத்தாம் எண் இல்லத்திற்கு, ஆஸ்குவித்துக்கு, அனுப்பிக்கொண்டனர். தந்தி கொண்டு செல்லும் சிறுவன் ஒருவன் அவர்களை அழைத்துச் சென்றான். வாயிலில் அலுவலர் ஒருவர் வந்து, பெற்றுக்கொள்ள இயலாது என்றார். சிறுவன் தன் கடமையிற் பிறழவில்லை. பெற்றதற்கான கையொப்பத்தைக் கேட்டு நின்றான். அலுவலர் கையொப்பமிட மறுத்தார். உரியவர் ஏற்காத கடிதம் போல அவ்விருவரும் தம் சங்கத்தின் அலுவலகத்துக்கே திருப்பிக் கொண்டுவரப்பட்டனர்.

பிரேயின் செயலைக் கேட்டறிந்தே அவர்கள் இதனைச் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. விதி யாவர்க்கும் பொதுவாகவே இருந்தது. ஆயினும் இரண்டனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் நன்று. பிரேக்காகக் கதவு திறந்தது, தந்தை கையொப்பமிட்டார், யாவரும் நகைத்தனர். அம்மகளிர்க்குக் கதவு திறக்கவில்லை. ஒரே கூலி, ஒரே விதி. நாட்டில் உள்ள எவ்வீட்டிற்கும் எதனையும் கொண்டு சேர்ப்போம் என்ற உறுதிமொழி, நாட்டை ஆள்பவர் வீட்டு வாயிலில் நின்றுபோயிற்று. முப்பது வயது நிரம்பிய மகளிருள் பலர்க்கு 1918-இலும், ஆடவர்க்கு ஒப்பாக மகளிர் அனைவர்க்கும் 1928-இலும் அந்நாட்டில் வாக்குரிமை கிடைத்தது.

பிரேயோ அரசியலில் நாட்டங் கொண்டவரல்லர். அவர் உள்ளம் வேறொரு துறையிற் சென்றது. திரும்பி வந்த அட்டைகளில் அலுவலர்கள் இட்டிருந்த கையொப்பங்களைக் கண்டு கண்டு, கையொப்பம் சேர்ப்பதில் அவருக்கு விருப்பம் மிகுந்தது. புகழ் பெற்றவர் எவராயினும், செய்தித்தாளில் ஒருநாள் பெயர் வந்தவராயினும், அவருக்கு ஓர் அட்டை எழுதுவார். கையொப்பமிட்டுத் திருப்பியனுப்ப வேண்டுவார். இதற்கென்றே அட்டைகளை அச்சடித்து வைத்திருந்தார். கிழங்கு அனுப்பிய காலத்து நகைச்சுவை இப்பணியிற் குறைவு, பொறுமை மிகுதி. கணக்கர் தொழில் இங்கேதான் அவருக்குத் துணைசெய்தது போலும். இவ்வாறு அவர் திரட்டிய கையொப்பங்கள் 15,000-க்கு மேற்பட்டன. கையொப்ப மன்னர் எனத் தமக்குத் தாமே பட்டமும் சூட்டிக்கொண்டார்.

அம்மன்னர்க்கும் எட்டாத கையொப்பம் ஒன்றுண்டு. 1930-களில் ஜெர்மனியின் சர்வாதிகாரியாக இருந்த ஹிட்லருக்கு அவர் ஒருமுறைக்குப் பலமுறை எழுதினார். செயலரிடமிருந்து மறுமொழி வந்தது. தலைவரை இதன்பொருட்டுத் தொல்லைப்படுத்தலாகாது என்பது அதன் பொருள். கையொப்பம் வரவில்லை. இதனை அவர் ஒரு குறையாகவே கருதினர் என்பர். உலகம் முழுதும் அஞ்சிக்கொண்டிருந்த ஒருவரிடம், பாறைக்கு அண்மையில் வாழும் மீனவர்க்கு எழுதுவது போலவே எழுதிய அவர் உள்ளத்தைப் பேதைமை என்று கூறுவதா, அச்சமின்மை என்று கூறுவதா? தொகுப்பவர்க்குத் தொகுப்பில் உள்ள வெற்றிடமே கண்ணில் உறுத்தும். அவ்விடத்துக்குரியவர் எத்தகையவர் என்னும் எண்ணம் பின்னுக்குப் போய்விடுகின்றது. அவர்தம் வேட்கையின் குறைபாடு இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் அவர் இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குரோய்டன் நகரில் வாழ்ந்தார். அங்கே 1939-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உயிர் நீத்தார். மூன்று திங்கள் கழித்து இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. விளையாட்டு அட்டைகளைப் பற்றி நினைப்பார் இல்லை. வாழ்நாளில் அவர் அஞ்சலில் விடுத்தவை 32,000-க்கு மேற்படும் எனக் கணக்கிடுவர். அவர் அரிதிற் காத்த தொகுப்பு நாளடைவில் சிதறிப் பலர் கைக்குப் போயிற்று. விந்தையான முகவரியுடைய பழைய அட்டை ஒன்று கடைகளில் எப்போதேனும் தலைகாட்டும். எழுதியவர் யாரென வாங்கியவர் அறியார்.

அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்க நாட்டிலே ரே ஜான்சன் என்னும் ஓவியர் தோன்றினார். 1927-இற் பிறந்து 1995-இல் மறைந்தவர் அவர். ஓவியங்களை அங்காடியில் விற்பதினும், ஒட்டுப்படங்களையும் துண்டுத் தாள்களையும் நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்பி, அவற்றோடு ஏதேனும் சேர்த்து மற்றொருவர்க்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்வதையே அவர் பெரிதும் விரும்பினார். அவ்வாறு எழுதிக்கொண்டோர் வட்டத்திற்கு 1962-இல் ஒரு பெயரும் ஏற்பட்டது. அஞ்சற் கலை என்று இன்று வழங்கும் கலைத்துறை அதனால் வளர்ந்தது. அருங்காட்சியகங்கள் அத்தகைய பொருள்களைப் பேணி வைக்கலாயின. அதன் பின்னரே, பிரேயின் கிழங்கும் மண்டையோடும் வெறும் குறும்பு எனத் தள்ளத்தக்கன அல்ல என்று சிலர் எண்ணத் தொடங்கினர்.

ஜான் டிங்கி என்னும் ஆங்கிலேயர் அஞ்சல் தலை சேர்ப்பவர். அவர் கைக்குப் பிரேயின் அட்டை ஒன்று தற்செயலாக வந்து சேர்ந்தது. யார் இவ்வாறு எழுதியவர் என்னும் வினா அவரை விட்டு நீங்கவில்லை. பல ஆண்டுகள் தேடி, சிதறிய அட்டைகளையும் பொருள்களையும் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, பிரேயின் வரலாற்றை 2010-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முயலின் மண்டையோட்டுப் படம் அந்நூலில் உள்ளது. மூக்கெலும்பின் மேல் எழுதிய முகவரியை இன்றும் படிக்கலாம்.